ஊதியம் நின்றால் காவலும் நிற்கும்: மாதேஸ்வரன் மலைப் புலிகளின் மரணம் உணர்த்தும் பாடம்

பெங்களூரு: கர்நாடக மாநிலம் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள மாதேஸ்வரன் மலை வனவிலங்கு சரணாலயத்தில், 2025-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் உயிரிழந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டன. ஹூக்யம் வனச்சரகத்துக்கு உட்பட்ட காட்டில் கிடந்த ஒரு பசுவின் உடலில் பூச்சிக்கொல்லி நஞ்சு கலக்கப்பட்டிருந்ததும், புலி கொன்ற அந்தப் பசுவைத் தின்ன வந்தபோது ஐந்தும் மடிந்ததும் விசாரணையில் தெரியவந்தது. அடுத்த சில நாட்களில் மூவர் கைது செய்யப்பட்டனர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து புலிகள் ஒரே இடத்தில் நஞ்சுக்குப் பலியானது நாட்டையே அதிர்ச்சிக்கு உள்ளாக்கியது.

அந்தச் செய்தியோடு மற்றொரு தகவலும் வெளிவந்தது. அந்த வனப்பகுதியில் ரோந்து செல்லும் வெளிமுகமைப் பணியாளர்களுக்குச் சில மாதங்களாக ஊதியம் வழங்கப்படவில்லை. புலிகள் இறந்து கிடந்தது தெரியவருவதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், நிலுவை ஊதியம் கேட்டு அவர்கள் போராட்டம் நடத்தியிருந்தனர். நஞ்சு வைத்தவர்கள் மீது வழக்கு நடக்கிறது. ஆனால், காவல் காக்க வேண்டியவர்களின் வயிற்றுப்பாட்டைக் கூடக் கவனிக்காத நிர்வாகத்தின் பங்கு என்ன என்ற கேள்வி அந்த வழக்கோடு முடிந்துவிடக் கூடியதல்ல.

ஊதிய நிலுவை என்பது கணக்குப் பிரிவின் தாமதமாகவே அரசு அலுவலகங்களில் பார்க்கப்படுகிறது. காட்டைப் பொறுத்தவரை அது பாதுகாப்பு வளையத்தில் விழுந்த ஓட்டை. மாதேஸ்வரன் மலைச் சம்பவத்தை இந்தக் கோணத்தில் ஆராய்ந்தால், வனவிலங்குச் சட்டத்தைக் களத்தில் அமல்படுத்துபவர் யார், அவரிடம் அரசு எதிர்பார்ப்பது என்ன, அவருக்குத் தருவது என்ன என்ற மூன்றுக்கும் இடையிலான இடைவெளி புலப்படும்.

ஐந்து புலிகளும் நிலுவை ஊதியமும்

புலி ஒரு கால்நடையை அடித்தால் ஒரே வேளையில் அதைத் தின்று முடிப்பதில்லை. இரையைப் புதர் மறைவுக்கு இழுத்துச் சென்று வைத்துவிட்டு, அடுத்தடுத்த இரவுகளில் மீண்டும் வந்து உண்ணும். கால்நடையை இழந்த ஆத்திரத்தில் இருப்பவர் நஞ்சு வைப்பதற்கும், அதைக் காவலர் கண்டறிந்து அகற்றுவதற்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ ஒரே அளவானது. ஓரிரு நாட்கள் மட்டுமே. அந்த நாட்களில் யாராவது அந்த வழியே நடந்திருந்தால், பிணந்தின்னும் பறவைகளின் நடமாட்டத்தையோ, இழுத்துச் சென்ற தடத்தையோ, துர்நாற்றத்தையோ கவனித்திருக்க வாய்ப்பு உண்டு. தானியங்கிக் கேமரா புலியைப் படம் பிடிக்கும். இறைச்சியில் தூவப்பட்ட நஞ்சை அது காட்டாது. ட்ரோன் அடர்ந்த மரக்கிளைகளுக்குக் கீழே கிடக்கும் பசுவின் உடலைக் காண்பது அரிது. கால்நடையாகச் செல்லும் ரோந்துக்கு இன்றளவும் மாற்று இல்லை என்று வனத்துறையினர் கூறுவது இதனால்தான்.

சம்பவத்துக்குப் பிறகு துணை வனப் பாதுகாவலர் உள்ளிட்ட அலுவலர்கள் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டனர். உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டு விசாரணை நடந்தது. முன்களப் பணியாளர்களின் ஊதியம் உரிய நேரத்தில் வழங்கப்படாததும், ரோந்துப் பணியில் ஏற்பட்ட தொய்வும் அந்த விசாரணையில் முக்கிய இடம் பெற்றன. இருப்பினும் அதே மலைத்தொடரில், 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில், ஹனூர் வனச்சரகத்தில் மற்றொரு புலி கொல்லப்பட்டு, துண்டு துண்டாக வெட்டப்பட்ட நிலையில் மீட்கப்பட்டது. விசாரணையும் நடவடிக்கையும் ஒருபுறம் நடக்க, களத்தில் நிலைமை மாறுவதற்குள் அடுத்த புலி பலியானது.

அகில இந்தியப் புலிகள் மதிப்பீட்டின்படி 2006-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் இருந்த புலிகள் 290. 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அந்த எண்ணிக்கை 563 ஆனது. மத்தியப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்தில் கர்நாடகம் உள்ளது. ஆசிய யானைகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் இந்த மாநிலத்துக்குத்தான். விலங்குகளின் எண்ணிக்கை பெருகி வரும்போது, அவற்றைக் காக்கும் பணியில் இருப்போரின் நிலையும் அதே வேகத்தில் மேம்பட்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்பதையே மாதேஸ்வரன் மலை உணர்த்துகிறது.

காவலரின் அதிகாரம், ஒப்பந்தப் பணியாளரின் நிலை

1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வன அலுவலர்களுக்கு வழங்கியுள்ள அதிகாரம் சாதாரணமானதல்ல. அச்சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்ததாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், ஒரு வன அலுவலர் இடங்களையும் வாகனங்களையும் சோதனையிடலாம். பொருட்களைப் பறிமுதல் செய்யலாம். பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். இதே அதிகாரம் காவல்துறையில் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாதவருக்கே உண்டு. காவல்துறையில் ஒரு உதவி ஆய்வாளர் செய்யக்கூடியதை, வனத்துறையில் முறையாக நியமிக்கப்பட்ட ஒரு வனக் காவலரே செய்ய முடியும்.

அதிகாரத்தோடு பொறுப்பும் வருகிறது. வனவிலங்குக் குற்றங்களில், அதிகாரம் பெற்ற அலுவலர் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் மனு தாக்கல் செய்ய வேண்டும். சம்பவ இடத்தில் மகஜர் எழுதுவது, தடயங்களைச் சேகரித்து முத்திரையிடுவது, விலங்கின் உடற்பகுதிகளை மரபணு ஆய்வுக்கு அனுப்புவது, சாட்சிகளைக் கண்டறிவது ஆகிய அனைத்தும் வனத்துறையினரின் வேலை. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, மாநில அரசால் அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலர், குற்றம் சாட்டப்பட்டவரின் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம், விசாரணையின்போது நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது. 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, புலி போன்ற முதல் அட்டவணை விலங்குகளை வேட்டையாடினால் குறைந்தபட்சம் 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படுகின்றன. இத்தனை கடுமையான சட்டமும் நீதிமன்றத்தில் நிற்பதற்கு, காட்டில் முதல் ஒரு மணி நேரத்தில் தடயம் எப்படிக் கையாளப்பட்டது என்பதே அடித்தளம்.

அந்த முதல் ஒரு மணி நேரத்தில் சம்பவ இடத்தில் இருப்பவர் பெரும்பாலும் யார்? வேட்டைத் தடுப்பு முகாமில் தங்கியிருக்கும் வெளிமுகமைப் பணியாளர் அல்லது தினக்கூலிக் காவலர். முகமை வழியாகப் பணிக்கு வருபவருக்கு வன அலுவலருக்கான முறையான நியமனம் கிடையாது. ஆகையால் சட்டம் தரும் அதிகாரம் அவரைச் சென்றடைவதில்லை. சட்டம் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதோ அவர் வனச்சரக அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே இருக்கிறார். காட்டுக்குள் இருப்பவருக்கோ கைது செய்யும் அதிகாரமும் இல்லை, பணிப் பாதுகாப்பும் இல்லை. மாதக் கடைசியில் ஊதியம் வருமா என்ற உறுதியும் இல்லாதபோது, அவர் எதை நம்பி இரவு ரோந்து செல்வார்?

தமிழகத்தின் நிலையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களில் பணியாற்றும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பலர் பழங்குடி மக்கள். பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். காட்டின் ஒவ்வொரு ஓடையையும் ஒற்றையடிப் பாதையையும் அறிந்த அவர்களின் அறிவு இல்லாமல் இந்தக் காப்பகங்களில் காவல் பணி நடக்காது. ஆனாலும், பணி நிரந்தரம் என்ற அவர்களது கோரிக்கை ஆண்டுதோறும் மனுக்களாகவே தொடர்கிறது.

யானையும் தீயும் எதிரே

வேட்டைக்காரர்களை மட்டும் எதிர்கொள்ளும் பணி அல்ல இது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி, நாகரஹோளே புலிகள் காப்பகத்தின் இயக்குநராக இருந்த வனப் பாதுகாவலர் எஸ். மணிகண்டன், வனப்பகுதியைப் பார்வையிடச் சென்றபோது காட்டு யானை தாக்கி உயிரிழந்தார். தமிழகத்தைச் சேர்ந்த இந்திய வனப்பணி அதிகாரியான அவர், காப்பகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோதும் கால்நடையாகக் காட்டுக்குள் சென்று பணிகளை நேரில் கவனித்தவர். காப்பகத்தின் இயக்குநருக்கே நேர்ந்தது இது என்றால், நாள்தோறும் பல கிலோமீட்டர் நடக்கும் வனக் காவலரின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2017 பிப்ரவரியில், பந்திப்பூரில் காட்டுத்தீயை அணைக்கச் சென்ற இளம் வனக் காவலர் ஒருவர் தீயில் சிக்கி உயிரிழந்தார்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11-ஆம் தேதி தேசிய வனத் தியாகிகள் தினம் கடைப்பிடிக்கப்படுகிறது. 1730-ஆம் ஆண்டு ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில், வன்னி மரங்களை வெட்ட வந்த மன்னரின் ஆட்களைத் தடுத்து, அம்ரிதா தேவியுடன் 363 பிஷ்னோய் மக்கள் உயிர் துறந்த நாளாக அது நினைவுகூரப்படுகிறது. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள வனத்துறைத் தலைமையகமான அரண்ய பவனில் அன்று அஞ்சலி செலுத்தப்படுகிறது. பணியின்போது உயிரிழக்கும் வனப் பணியாளர்களின் குடும்பங்களுக்கான நிவாரணத்தைக் கர்நாடக அரசு 30 லட்சம் ரூபாயிலிருந்து 50 லட்சம் ரூபாயாக உயர்த்தியுள்ளது. வரவேற்கத்தக்க முடிவுதான். ஆயினும் இறந்தவருக்கு 50 லட்சம் தர முன்வரும் அரசு, உயிரோடு இருப்பவரின் மாத ஊதியத்தை மாதம் தவறாமல் தர இயலாமல் போவது எப்படி என்ற கேள்விக்கு அஞ்சலிக் கூட்டத்தில் விடை கிடைப்பதில்லை.

மாநகரின் வாசலில் காடு

வனக் குற்றம் என்றவுடன் தொலைதூர மலைகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் பெங்களூரு மாநகரின் தெற்கு எல்லையிலேயே பன்னரகட்டா தேசியப் பூங்கா உள்ளது. சுமார் 260 சதுர கிலோமீட்டர் பரப்பில், நீண்டு குறுகிய வடிவில், தமிழகத்தின் தளி, ஜவளகிரி காடுகளை நோக்கி அது நீள்கிறது. ராகி அறுவடைக் காலத்தில் இந்த வழியாகவே யானைக் கூட்டங்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்குள் வருவது கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகளுக்கு நன்கு தெரியும். ஒரு பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகள், மறுபக்கம் கல் குவாரிகள், நடுவில் யானை வழித்தடம் என்ற நிலையில் அங்கே ஒரு வனக் காவலரின் அன்றாடப் பணி அமைகிறது. ஆக்கிரமிப்பு, சந்தன மரத் திருட்டு, காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி, வயல்களில் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய வேலி எனக் குற்றங்களின் வகையும் இங்கு அதிகம்.

இந்தப் பூங்காவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம், 2016-ஆம் ஆண்டின் வரைவு அறிவிக்கையில் சுமார் 269 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2020-ஆம் ஆண்டின் இறுதி அறிவிக்கையில் அது சுமார் 169 சதுர கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. நூறு சதுர கிலோமீட்டர் குறைந்ததை நில விலையின் கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. களத்தில் நிற்கும் காவலருக்கோ, இடையே இருந்த தடுப்பு அகன்று, கட்டடமும் குவாரியும் காட்டின் விளிம்புக்கே வந்து சேர்கின்றன என்று பொருள். அவர் கண்காணிக்க வேண்டிய எல்லை அதே நீளம்தான். அழுத்தம் மட்டும் கூடுகிறது.

மாநகரின் வடக்கே, கெம்பேகவுடா சர்வதேச விமான நிலையத்தில் வேறு வகையான வனக் குற்றம் நடக்கிறது. 2023 ஆகஸ்ட் மாதம், பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் மலைப்பாம்புகள், பச்சோந்திகள், உடும்பு வகைகள், ஆமைகள் என 234 உயிரினங்களைச் சுங்கத்துறையினர் கைப்பற்றினர். அவற்றுடன் இருந்த ஒரு கங்காரு குட்டி மூச்சுத்திணறி இறந்திருந்தது. 2024 ஏப்ரலில், அதே நகரிலிருந்து வந்த மற்றொரு பயணியிடம் 10 மஞ்சள் அனகொண்டா பாம்புகள் சிக்கின. வெளிநாட்டு உயிரினங்களின் வணிகம் நீண்ட காலம் வனவிலங்குச் சட்டத்தின் பிடிக்கு வெளியே, பெரும்பாலும் சுங்கச் சட்டத்தின் கீழ் மட்டுமே கையாளப்பட்டது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் சர்வதேச ஒப்பந்தத்தில் இடம்பெற்ற உயிரினங்களைத் தனி அட்டவணையாகச் சேர்த்த பிறகு நிலைமை மாறியுள்ளது. 2007-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இயங்குகிறது. பெட்டியில் சிக்கியது ஆப்பிரிக்க உடும்பா, அமெரிக்க உடும்பா என்று அடையாளம் காண்பதில் தொடங்கி, பின்னணியில் இருப்பவரைத் தேடுவது வரை, இங்கே தேவைப்படுவது துப்பாக்கியைவிடப் பயிற்சி.

துப்பாக்கி எழுப்பும் கேள்வி

வனக் காவலர்களுக்கு ஆயுதம் வழங்குவது பற்றிய விவாதம் புதிதல்ல. 2021-ஆம் ஆண்டு ஜனவரியில், அப்போதைய தலைமை நீதிபதி எஸ்.ஏ. போப்டே தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, கும்பலாக வரும் கடத்தல்காரர்களை ஆயுதமற்ற வனப் பணியாளர்கள் எவ்வாறு எதிர்கொள்வார்கள் என்று கவலை தெரிவித்தது. ஆயுதங்கள், குண்டு துளைக்காத உடை, தலைக்கவசம் ஆகியவற்றை வழங்குவது குறித்து அந்த அமர்வு யோசனை கூறியது. காசிரங்காவில் காண்டாமிருக வேட்டையைக் கட்டுப்படுத்தப் போராடிய அசாம் அரசு, 2010-ஆம் ஆண்டிலேயே, பணியின்போது துப்பாக்கியைப் பயன்படுத்தும் வனப் பணியாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கியது. துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்று விசாரணையில் தெரியவந்தாலன்றி அவர்களைக் கைது செய்யக் கூடாது என்பது அந்த ஏற்பாடு.

இந்த வாதத்தின் மறுபக்கத்தைத் தமிழக எல்லையோரக் கிராமங்கள் நன்கு அறியும். 2023 பிப்ரவரியில், சேலம் மாவட்டம் கோவிந்தபாடி அருகே, இரு மாநில எல்லையில் உள்ள பாலாற்றுப் பகுதிக்கு இரவில் சென்றவர்கள் மீது கர்நாடக வனத்துறையினர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். காணாமல்போன ஒருவரின் உடல் சில நாட்களுக்குப் பின் ஆற்றில் மீட்கப்பட்டது. மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்றது வனத்துறை. மீன் பிடிக்கச் சென்றவர்கள் என்றனர் உறவினர்கள். எல்லையில் பதற்றம் ஏற்பட்டு இரு மாநிலங்களுக்கும் இடையே அவ்வழியிலான போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், பன்னரகட்டாவில் சந்தன மரம் வெட்ட வந்ததாகக் கூறப்பட்ட ஒருவர் வனத்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

வாச்சாத்தியை மறந்துவிட்டு இந்த விவாதத்தை முடிக்க இயலாது. 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறித் தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைவாழ் கிராமத்துக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நடத்திய வன்முறையில் 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், தீர்ப்பு வெளியான 2011-ஆம் ஆண்டில் உயிருடன் இருந்த 215 பேருக்கும் தருமபுரி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் வனத்துறையினர். நீதி கிடைக்க 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சீருடைக்கும் ஆயுதத்துக்கும் கணக்குக் கேட்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், காட்டின் பெயரால் எதுவும் நடக்கலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆகவே ஆயுதம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி முழுமையானதல்ல. யாரிடம் ஆயுதம் தரப்படுகிறது, அவருக்கு என்ன பயிற்சி உண்டு, ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கும் சுதந்திரமான விசாரணை நடக்கிறதா என்பவையே கேட்க வேண்டியவை. முறையான நியமனமும் பயிற்சியும் இல்லாத ஒப்பந்தப் பணியாளர்களைக் கொண்டு ஆயுதமேந்திய காவலை நடத்துவது, காவலருக்கும் கிராமத்தாருக்கும் ஒருசேர ஆபத்து.

புலிக் கூண்டில் வனப் பணியாளர்கள்

வனத்துறைக்கும் கிராமங்களுக்கும் இடையே நம்பிக்கை எந்த அளவு குன்றியுள்ளது என்பதை 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி நடந்த சம்பவம் காட்டியது. சாமராஜநகர் மாவட்டம் குண்டுலுபேட்டை வட்டத்தில் உள்ள பொம்மலாபுரா கிராமத்தில், கால்நடைகளைத் தாக்கி வந்த புலியைப் பிடிக்கவில்லை என்று ஆத்திரமடைந்த கிராம மக்கள், புலிக்காக வைக்கப்பட்ட கூண்டுக்குள் வனப் பணியாளர்களையே அடைத்தனர். வனத் தியாகிகள் தினத்துக்கு இரண்டு நாட்கள் இருந்தபோது நடந்தது இது. பணியாளர்களை அடைத்தது குற்றம், அதில் ஐயமில்லை. ஆனால், முடிவெடுக்கும் அதிகாரம் ஏதும் இல்லாத கடைநிலைப் பணியாளர்தான் மக்களின் கோபத்துக்கு முதலில் ஆளாகிறார் என்பதும் அதே கூண்டில் தெரிந்தது.

அதன் பிறகு மைசூரு மாவட்டத்தின் சரகூரு பகுதியில் புலி தாக்கி அடுத்தடுத்து மனித உயிர்கள் பலியாயின. 2025 நவம்பர் 7-ஆம் தேதி, பந்திப்பூர், நாகரஹோளே காப்பகங்களில் சஃபாரியை நிறுத்த வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் காண்ட்ரே உத்தரவிட்டார். சஃபாரியில் ஈடுபட்டிருந்த ஊழியர்களையும் வாகனங்களையும் புலியைத் தேடும் பணிக்குத் திருப்ப வேண்டியிருந்தது. சுற்றுலாவை நிறுத்தினால்தான் காவலுக்கு ஆள் கிடைக்கும் என்ற நிலை, அந்த உத்தரவைவிடப் பெரிய செய்தி.

மாதேஸ்வரன் மலைச் சம்பவத்துக்குப் பின் வனப்பகுதிகளில் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்ய அரசு முற்பட்டபோது மலைக்கிராமங்களில் எதிர்ப்பு எழுந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை அங்கீகரித்துள்ளது. உரிமையைப் பறிக்கும் உத்தரவைக் கையில் கொண்டு கிராமத்துக்குள் செல்ல வேண்டியவரும் அதே வனக் காவலர்தான். புலி அடித்த பசுவுக்கு இழப்பீடு தாமதமானால், அந்த வீட்டில் நஞ்சைத் தேடும் கை ஒன்று உருவாகிறது. காவலரின் ஊதியமும் விவசாயியின் இழப்பீடும் வெவ்வேறு கோப்புகளில் இருந்தாலும், இரண்டும் தாமதமாகும்போது விளைவு ஒன்றுதான்.

இதே மலைகளில் இதற்கு மாறான ஒரு முன்மாதிரியும் உண்டு. துணை வனப் பாதுகாவலராக இருந்த பி. சீனிவாஸ், 1986-ஆம் ஆண்டில் வீரப்பனைக் கைது செய்தவர். வீரப்பன் காவலிலிருந்து தப்பிய பிறகு, அவனது சொந்த ஊரும் தமிழ் பேசும் மக்கள் நிறைந்ததுமான கோபிநத்தத்தில் அவர் மாரியம்மன் கோயில் கட்ட உதவினார். மருத்துவ வசதிக்கும் வீடுகளுக்கும் ஏற்பாடு செய்தார். ஆயுதத்தைவிட ஊராரின் நம்பிக்கையே காட்டைக் காக்கும் என்று கருதிச் செயல்பட்டார். சரணடையத் தயார் என்று வந்த செய்தியை நம்பி ஆயுதமின்றிச் சென்ற அவரை, 1991 நவம்பர் 10-ஆம் தேதி வீரப்பன் கொன்றான். அவருக்கு மறைவுக்குப் பின் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. அவர் கொல்லப்பட்டதால் அவரது வழி தோற்றது என்று சொல்வோர் உண்டு. கோபிநத்தத்து மக்கள் இன்றளவும் அவரை நன்றியுடன் நினைவுகூர்கிறார்கள் என்பதே அதற்கான மறுமொழி.

செய்ய வேண்டியவை

தீர்வுகள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல. முதலாவதாக, முன்களப் பணியாளர்களின் ஊதியம் மாவட்ட அலுவலரின் கையெழுத்துக்கும் முகமையின் வசதிக்கும் காத்திராமல், மாதந்தோறும் குறித்த நாளில் நேரடியாக வங்கிக் கணக்கில் சேர வேண்டும். ஒரு மாதம் தவறினாலே தலைமையகத்துக்கு எச்சரிக்கை செல்லும் ஏற்பாடு வேண்டும். ரோந்துத் தூரத்தைக் கைபேசிச் செயலியில் நாள்தோறும் கணக்கிடும் துறைக்கு, ஊதிய நிலுவையைக் கணக்கிடுவது கடினமானதல்ல.

இரண்டாவதாக, ரோந்து, வேட்டைத் தடுப்பு, தடயச் சேகரிப்பு போன்ற அடிப்படைக் காவல் பணிகளை வெளிமுகமையிடம் விடுவதை அரசு படிப்படியாகக் கைவிட வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்பும்போது, பல ஆண்டுகள் காட்டில் பணியாற்றிய சோளகர் உள்ளிட்ட பழங்குடி இளைஞர்களின் அனுபவத்துக்கு முன்னுரிமை அளிப்பது நியாயம் மட்டுமன்று. துறைக்கு ஆதாயமும் ஆகும். 2011-ஆம் ஆண்டில் பிலிகிரி ரங்கசாமி மலைப் புலிகள் காப்பகத்தில் சோளகர்களுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது, மக்களும் புலியும் ஒரே காட்டில் இருப்பதற்கு இடம் உண்டு என்று அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

மூன்றாவதாக, மகஜர் எழுதுவது முதல் நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது வரை முறையான பயிற்சியும், வனவிலங்கு வழக்குகளை அறிந்த அரசு வழக்கறிஞர்களும் தேவை. ஆயுதம் வழங்கப்படும் இடங்களில், ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்கும் துறைக்கு வெளியே உள்ள நீதித்துறை நடுவரின் விசாரணை கட்டாயமாக்கப்பட வேண்டும். நான்காவதாக, கால்நடை இழப்பீடு புலி தன் இரையைத் தேடி மீண்டும் வருவதற்கு முன்பே, குறைந்தபட்சம் ஒரு பகுதியாவது, விவசாயியின் கைக்குச் சேர வேண்டும். இரையின் அருகே காவலர் நிற்கும் முதல் இரவிலேயே இழப்பீட்டுக்கான உறுதியும் அந்த வீட்டை எட்டினால், நஞ்சு வாங்கும் எண்ணமே எழாமல் போகக்கூடும்.

இவற்றில் எதுவும் பெரும் செலவு பிடிப்பதல்ல. ஒரு காப்பகத்தின் சுற்றுலா வருவாயோடு ஒப்பிட்டால் முன்களப் பணியாளர்களின் மாத ஊதியம் சிறு தொகைதான். மாதேஸ்வரன் மலையைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கும் யோசனை நெடுங்காலமாகப் பரிசீலனையில் உள்ளது. அறிவிப்பு வரும் நாளில் புதிய பெயர்ப்பலகை எழுதப்படலாம். அந்தப் பலகைக்குப் பின்னால் உள்ள முகாமில் இரவைக் கழிப்பவருக்கு அந்த மாத ஊதியம் வந்து சேர்ந்ததா என்பதைப் பொறுத்தே, பலகையில் எழுதப்பட்ட பெயருக்கு மதிப்பு இருக்கும்.